கட்டுப்பாட்டு மருந்தும் கையிலுள்ள சீட்டும்: கோலாலம்பூரில் முதன்முறையாக வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

“போன மாசம் பங்சார்ல ஒரு கடையில வாங்கினேன். உங்க கம்ப்யூட்டர்ல அது வராதா, தம்பி?” பிரிக்பீல்ட்ஸில் ஒரு மருந்தகத்தில் மருந்தாளராக நிற்கும் நான், வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். கேட்பவர் பெரும்பாலும் தூக்கத்துக்கோ படபடப்புக்கோ மாத்திரை தேடி வந்தவராக இருப்பார். அவருடைய மருந்துச் சீட்டு வீட்டு அலமாரியில் இருக்கும், அல்லது முதலில் வாங்கிய கடையிலேயே தங்கிப்போயிருக்கும். வராது என்பதே என் பதில். அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்களும், வீட்டில் ஒருவருக்கு இப்படிப்பட்ட மருந்தை வாங்கிக்கொடுக்கும் பொறுப்பை முதன்முறையாக ஏற்றவர்களும் பாதி அலைச்சலை மிச்சப்படுத்தலாம்.

பிள்ளைகளோடு மெல்பர்னில் சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் பெரியவர்கள் இங்கும் அதையே எதிர்பார்ப்பதில் வியப்பில்லை. அங்கே விக்டோரியா மாநிலத்தில் சேஃப்ஸ்கிரிப்ட் என்ற கணினி ஏற்பாடு 2020 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. குறிப்பிட்ட மருந்துகளை எழுதும் மருத்துவரும் கொடுக்கும் மருந்தாளரும் அந்த நோயாளி அதற்குமுன் எங்கே எவ்வளவு வாங்கினார் என்பதைத் திரையில் பார்த்த பிறகே மேலே போக வேண்டும். அமெரிக்காவில் மாநிலந்தோறும் இதே வேலையைச் செய்யும் தரவுத்தளங்கள் உண்டு. எங்கள் கவுண்டரில் அப்படி ஒரு திரை கிடையாது. பக்கத்துத் தெருவில் இருக்கும் வேறு நிறுவனத்தின் மருந்தகம் நேற்று உங்களுக்கு என்ன கொடுத்தது என்பது, நீங்கள் சொன்னாலொழிய, அல்லது சீட்டில் எழுதியிருந்தாலொழிய, எனக்குத் தெரிய வழியில்லை.

இதனால் இங்கே கண்காணிப்பே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மருந்து மிக நெருக்கமாகப் பின்தொடரப்படுகிறது. மனநிலையைப் பாதிக்கும் மருந்துகளும் மார்ஃபின் போன்றவையும் நாட்டுக்குள் வருவதற்கே தனி அனுமதி வேண்டும். ஆண்டுதோறும் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்ற கணக்கு வியன்னாவில் இருக்கும் சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் வரைக்கும் போகிறது. இறக்குமதி செய்தவர் மொத்த வியாபாரிக்குக் கொடுத்தது ஒரு பதிவேட்டில், மொத்த வியாபாரி எனக்குக் கொடுத்தது இன்னொரு பதிவேட்டில், நான் உங்களுக்குக் கொடுத்தது என் பதிவேட்டில் என்று ஒவ்வொரு கைமாற்றமும் எழுதப்படுகிறது. சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்க அதிகாரிகள் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து, வந்த அளவையும் போன அளவையும் அலமாரியில் எஞ்சியதையும் ஒத்துப்பார்க்க முடியும். ஆனால் கடைகளுக்கு இடையே நோயாளியைப் பின்தொடரும் வேலையை இங்கே பெரும்பாலும் அவர் கையில் இருக்கும் சீட்டே செய்கிறது. கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

முதல் படி: மருந்து எந்த வகை என்று பாருங்கள்

கிளினிக்கில் கொடுக்கும் பிளாஸ்டிக் உறையின் மேல் ‘உபாட் தெர்காவால்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயந்துபோய்க் கடைக்கு ஓடிவந்தவர்கள் உண்டு. கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பது அதன் பொருள். ஆனால் தொண்டைப் புண்ணுக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் உறையிலும் இரத்த அழுத்த மாத்திரை உறையிலும் அதே சொற்கள் இருக்கும். 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலில் உள்ள பொருளைக் கொண்ட மருந்துகளுக்கெல்லாம் பொதுவான அடையாளம் அது. சட்டத்தின் பெயரில் நஞ்சு என்ற சொல் இருப்பதாலேயே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

பெட்டியே கையில் இருந்தால் இன்னும் எளிது. மலேசியாவில் பதிவுபெற்ற ஒவ்வொரு மருந்துப் பெட்டியிலும் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கி எட்டு இலக்கங்களும் அதற்குப்பின் ஓர் எழுத்தும் கொண்ட பதிவு எண் இருக்கும். அந்த எழுத்து ‘ஏ’ என்றால் பட்டியலில் உள்ள பொருள் அடங்கியது; ‘எக்ஸ்’ என்றால் அலமாரியிலிருந்து நீங்களே எடுத்து வாங்கக்கூடியது; ‘டி’ என்றால் பாரம்பரிய மருந்து. இந்த எண்ணே இல்லாத பெட்டியை, யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாங்காதீர்கள்.

‘ஏ’ எழுத்துள்ளவற்றிலும் படிநிலைகள் இருக்கின்றன. ‘சி’ பிரிவில் உள்ளவற்றை, எடுத்துக்காட்டாக டைஃபென்ஹைட்ரமின் கலந்த இருமல் மருந்தை, மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே மருந்தாளர் விசாரித்துக் கொடுக்கலாம். ஆனால் உங்கள் பெயரைப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். ‘பி’ பிரிவில் உள்ளவற்றுக்குச் சீட்டு வேண்டும். அதே சட்டத்தின் மூன்றாம் பட்டியலில் இருப்பவை மனநிலையைப் பாதிக்கும் பொருள்கள்: அல்பிரசோலம், டயஸபாம், லோரசெபாம், குளோனசெபாம் போன்ற மாத்திரைகளும், பசியை அடக்கும் பென்டர்மினும், புப்ரனோர்ஃபினும் இதில் அடங்கும். வடக்கே கெடாவிலும் பெர்லிஸிலும் காய்ச்சிக் குடிக்கிறார்களே, அந்தக் கெத்தும் இலையின் மித்ராஜினினும் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. கடைசியாக, மார்ஃபின், ஃபென்டனில், ஆக்சிகோடோன் போன்ற கடும் வலி மருந்துகள் 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. இந்தக் கட்டுரை முக்கியமாகப் பேசுவது இந்தக் கடைசி இரண்டு வகைகளைப் பற்றியே.

இரண்டாம் படி: சீட்டைக் கேட்டு வாங்கி, வாசலைத் தாண்டும் முன் படியுங்கள்

மலேசியத் தனியார் கிளினிக்குகளில் மருத்துவரே மருந்தும் கொடுப்பது வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது முதலில் புதிராக இருக்கும். அங்கே சீட்டோடு மெடிக்கலுக்குப் போய்ப் பழகியவர்கள், இங்கே கிளினிக் கவுண்டரிலேயே மருந்தும் பில்லும் ஒன்றாக வருவதைப் பார்த்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். சீட்டாக எழுதிக் கொடுங்கள், வெளியே வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்தின் விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற ஆணை வந்த பிறகு, ஒப்பிட்டுப் பார்த்து வெளியே வாங்குவது எளிதாகியிருக்கிறது.

சீட்டில் இருக்க வேண்டியவை அதிகமில்லை, ஆனால் ஒன்று குறைந்தாலும் நான் கொடுக்க முடியாது. மருத்துவரின் கையொப்பம், தேதி, அவருடைய கிளினிக் முகவரி. உங்கள் பெயரும் முகவரியும். மருந்தின் மொத்த அளவு, ஒரு வேளைக்கு எவ்வளவு. எத்தனை முறை கொடுக்கலாம், எவ்வளவு இடைவெளியில் என்பது. கடைசியில் சொன்னதைத்தான் மருத்துவர்கள் அதிகம் மறக்கிறார்கள். எத்தனை முறை என்று எழுதாவிட்டால் ஒரே முறைதான் கொடுக்க முடியும். மூன்று மாதத்துக்கு எழுதச் சொன்னேனே என்று நீங்கள் வாதிட்டாலும், தாளில் இல்லாததை நான் எழுதிச் சேர்க்க முடியாது. நீங்கள் பேனாவை எடுத்துச் சேர்த்தால் அது குற்றம். எண் மேல் எண் எழுதித் திருத்தியிருந்தால் அங்கேயே மருத்துவரிடம் காட்டித் திருத்தத்தின் அருகில் சுருக்கொப்பம் வாங்கிவிடுங்கள்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ எழுதிய சீட்டை இங்கே பயன்படுத்த முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுதியவர் மலேசியாவில் பதிவுபெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். ஆனாலும் அந்தத் தாளை எறிந்துவிடாதீர்கள். இங்கே ஒரு மருத்துவரைப் பார்க்கும்போது, அவர் புதிதாகத் தொடங்காமல் முன்பு இருந்த அளவிலிருந்து தொடர அதுவே ஆதாரம். பிராண்டு பெயர் இரண்டு நாட்டிலும் வெவ்வேறாக இருக்கும் என்பதால், மருந்தின் உண்மைப் பெயரையும் மில்லிகிராமையும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கவுண்டரில் நடப்பது

அடையாள அட்டையையும், வெளிநாட்டவர் என்றால் கடப்பிதழையும் கொண்டு வாருங்கள். மருந்தாளர் கடையில் இருக்கும் நேரமா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு வருவது இன்னும் நல்லது; இந்த மருந்துகளை அவருடைய நேரடிக் கண்காணிப்பில்தான் கொடுக்கலாம் என்பதால், அவர் சாப்பிடப் போயிருந்தால் கடைப் பையன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் எடுத்துத் தர மாட்டான். சுவரில் மருந்தாளரின் ஆண்டுச் சான்றிதழும், பட்டியல் மருந்துகளை விற்க அனுமதிக்கும் ‘ஏ’ வகை உரிமமும் மாட்டியிருக்கும். அவை இருக்கும் கடைதான் நீங்கள் தேடும் கடை. பிரிக்பீல்ட்ஸில் எல்லா மருந்தகங்களும் இவ்வகை மருந்துகளைக் கையிருப்பில் வைப்பதில்லை. பூட்டிய அலமாரி, தனிப் பதிவேடு, சோதனை என்ற வேலைகளைத் தவிர்க்க, வேண்டாம் என்று விட்டுவிட்டவர்கள் உண்டு. அதனால் இல்லை என்று ஒருவர் சொன்னால் உங்களைச் சந்தேகப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சீட்டைக் கொடுத்ததும் நான் முதலில் செய்வது அதைப் படிப்பது, இரண்டாவது செய்வது, சிறு ஐயம் இருந்தாலும் கிளினிக்குக்குத் தொலைபேசியில் அழைப்பது. பொது இணைப்பு இல்லாத இடத்தில் தொலைபேசிதான் எங்கள் இணைப்பு. இதற்குப் பத்து நிமிடம் ஆகலாம். கிளினிக் மூடிய பிறகு, இரவு ஒன்பதரை மணிக்கு வந்தால் மறுநாள் வரச் சொல்ல வேண்டியிருக்கும். அதன் பிறகு பூட்டிய அலமாரியைத் திறந்து, எண்ணி, உறையில் உங்கள் பெயர், மருந்தின் பெயர், எப்படிச் சாப்பிடுவது, தேதி, கடையின் முகவரி ஆகியவற்றை ஒட்டி, பதிவேட்டில் எழுதுவேன்: தேதி, வரிசை எண், உங்கள் பெயரும் முகவரியும், சீட்டை எழுதியவர் யார், எவ்வளவு போனது, எவ்வளவு எஞ்சியது.

எஞ்சியது என்ற அந்தக் கடைசிக் கட்டம்தான் மருந்தாளரின் தூக்கத்தைக் கெடுப்பது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு கடையில், ஒரு சனிக்கிழமை மாலை அல்பிரசோலம் கணக்கில் இரண்டு மாத்திரை கூடுதலாக இருப்பதைக் கண்டேன். குறைந்தால் திருட்டு என்று பயப்படலாம். கூடினால் என்னவென்று சொல்வது? தட்டில் கொட்டி மூன்று முறை எண்ணினேன். பிறகு சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பதிவேட்டு வரிகளோடு விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தபோது தெரிந்தது: மருத்துவர் எழுதியது நான்கு வாரத்துக்கு, அதாவது 28; நான் எண்ணிக் கொடுத்ததும் 28; பத்துப் பத்தாக மூன்று அட்டை என்ற பழக்கத்தில் கை எழுதியது 30. தவறான எண்ணை அழிக்கவோ வெள்ளை பூசவோ கூடாது. ஓரத்தில் தேதியோடு திருத்தக் குறிப்பு எழுதிக் கையொப்பமிட வேண்டும். அன்று எழுதிய குறிப்பின் வாசகம் இன்றும் எனக்கு மனப்பாடம். உங்கள் முன்னால் நான் மெதுவாக எண்ணும்போது பொறுமை இழக்காதீர்கள் என்று கேட்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நீங்களும் கூடவே எண்ணுங்கள்.

சீட்டும் பதிவேடும் இரண்டு ஆண்டுகள் கடையில் இருக்கும். என் பெயர் போலீசுக்குப் போகுமா, வேலையிடத்துக்குத் தெரியுமா என்று தணிந்த குரலில் கேட்பவர்களுக்கு: பதிவேட்டைப் பார்க்கும் அதிகாரம் சட்டப்படி சோதனைக்கு வரும் அலுவலர்களுக்கு உண்டு, உங்கள் முதலாளிக்கோ சம்பந்தி வீட்டாருக்கோ கிடையாது. சீட்டோடு முறையாக வாங்கியவர் பெயர் அதில் இருப்பது அவருக்கே பாதுகாப்பு.

நான்காம் படி: பாதி வாங்கினால் மீதி எங்கே

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. மருத்துவர் மூன்று முறை கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை கொடுத்ததும் மருந்தாளர் சீட்டின் மேலேயே தேதி, கொடுத்த அளவு, கடையின் பெயர் ஆகியவற்றை எழுதி முத்திரை குத்துவார். இங்கே எல்லோரும் ‘சாப்பு’ என்பார்கள். அடுத்த மாதம் நீங்கள் வேறு கடைக்குப் போனால், அந்தக் கடைக்காரருக்கு உங்கள் கணக்கைச் சொல்வது அந்த ஊதா மைதான். முதல் சாப்பின் தேதியைப் பார்த்து இடைவெளி ஆகிவிட்டதா என்று கணக்கிட்டு, இரண்டாவது சாப்பு குத்திக் கொடுப்பார். கடைசி முறை கொடுப்பவர் சீட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்வார்.

இதிலிருந்து சில நடைமுறை முடிவுகள் தாமாக வருகின்றன. கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டி மருந்து கேட்டால் கிடைக்காது, ஏனென்றால் படத்தின் மேல் சாப்பு குத்த முடியாது. அதே படத்தை ஐந்து கடையில் காட்டலாம். நகல் தாளுக்கும் அதே கதி. சீட்டைத் தொலைத்துவிட்டால் மருத்துவரிடம்தான் திரும்பப் போக வேண்டும். அப்போது எந்தத் தேதிவரை எவ்வளவு வாங்கினீர்கள் என்று சொல்ல, கடை கொடுத்த ரசீதும் உறையும் உதவும். எனவே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது உங்கள் நினைவுக்காக மட்டும். சீட்டைக் கடையிலேயே விட்டுவைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதே கடைக்கு எப்போதும் வருவதாக இருந்தால் விட்டுவைப்பதே மேல். கூலிம் போய்த் தங்குகிறேன், மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்றால் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஏன் ஒரே கடை என்று நான் ஓயாமல் சொல்கிறேன் என்பதற்கு ஒரு பாட்டியின் கதை போதும். செந்தூலில் மகள் வீட்டிலும் இங்கே மகன் வீட்டிலும் மாறி மாறி இருப்பவர். ஒருநாள் மகன் வீட்டருகே உள்ள கிளினிக்கின் சீட்டோடு தூக்கம் வரவில்லை என்று வந்தார். பேச்சுவாக்கில், “அங்க இருக்கிறப்போ சாப்பிடுறது வேற மாத்திரை தம்பி, அது நல்லாத்தான் இருக்கு, ஆனா காலையில தலை சுத்துது” என்றார். பையில் இருக்கிறதா பாட்டி என்று கேட்டு வாங்கிப் பார்த்தால், அது சனாக்ஸ். புதுச் சீட்டில் இருந்தது அல்பிரசோலம் என்ற பெயரில் இன்னொரு நிறுவனத்தின் மாத்திரை. இரண்டும் ஒரே மருந்து. இரண்டு மருத்துவர்களும் நேர்மையாகத்தான் எழுதினார்கள், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது, பாட்டிக்கு நிறம் வேறாக இருந்ததால் மருந்தும் வேறு. நான் இரண்டு கிளினிக்குக்கும் அழைத்தேன். இரண்டாவது மருத்துவர் தன் சீட்டை நிறுத்தினார். விக்டோரியாவின் திரை செய்திருக்க வேண்டிய வேலையை அன்று செய்தது பாட்டியின் கைப்பை. மருத்துவரிடம் போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா உறைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள் என்று நாங்கள் கெஞ்சுவது இதற்காகத்தான்.

வேண்டுமென்றே கிளினிக் மாறிக் கிளினிக் போகிறவர்களும் உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. போதைப் பழக்கத்திலிருந்து மீட்பதற்காகத் தனியார் கிளினிக்குகளில் எழுதப்பட்ட, புப்ரனோர்ஃபின் அடங்கிய சுபுடெக்ஸ் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் பரவியதால், 2006இல் அது திரும்பப் பெறப்பட்டு, ஊசியில் ஏற்றுவதை வீணாக்கும் நாலோக்சோன் கலந்த சுபோக்சோன் அதன் இடத்துக்கு வந்தது. முதல்முறை வருபவரிடம் மருந்தாளர் சற்றுக் கூடுதலாகக் கேள்வி கேட்பதற்கு இப்படிப்பட்ட பழைய அனுபவங்களும் காரணம். மூன்றாவது முறை அதே கடைக்கு வரும்போது கேள்விகள் குறைந்திருக்கும்.

அரசு மருத்துவமனையிலிருந்து வருபவர்களுக்கு

கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலோ, ‘கிளினிக் கெசிஹாத்தான்’ எனப்படும் அரசு சுகாதாரக் கிளினிக்கிலோ சிகிச்சை பெறுபவர்களின் நிலை வேறு. அங்கே சீட்டுகள் ‘ஃபிஸ்’ என்று அழைக்கப்படும் மருந்தகக் கணினி ஏற்பாட்டில் பதியப்படுகின்றன; ஆனால் அந்தப் பதிவு என்னைப் போன்ற தனியார் கடைக்கு வராது. வீட்டருகே உள்ள அரசு கிளினிக்கில் மாதாமாதம் எடுத்துக்கொள்ள வேண்டுமானால் எஸ்.பி.யூ.பி. என்ற ஏற்பாடு இருக்கிறது: முதல் தவணையை மருத்துவமனையில் வாங்கும்போதே, அடுத்த தவணைகளை எந்த அரசு மருந்தகத்தில் வாங்க விரும்புகிறீர்கள் என்று சொல்லிப் பதிந்துகொள்ளலாம். ஈப்போவில் வீடு, சிகிச்சை கோலாலம்பூரில் என்றால் இது பெரிய உதவி. கட்டுப்பாட்டு மருந்துகளைச் சின்னக் கிளினிக்குகள் எப்போதும் வைத்திருப்பதில்லை என்பதால், மருந்து தீர்வதற்கு இரண்டு வாரம் முன்பே அங்கே அழைத்து, வரவழைத்து வைக்கச் சொல்லுங்கள். தபாலில் மருந்து அனுப்பும் சேவையும் வாகனத்தில் இருந்தபடியே வாங்கும் சேவையும் பல மருத்துவமனைகளில் இருக்கின்றன. ஆனால் இந்த வகை மருந்துகளைத் தபாலில் எதிர்பார்க்க வேண்டாம், நேரில் போவதாகவே திட்டமிடுங்கள்.

தீபாவளிக்கு முந்திய வாரத்தைப் பற்றி ஒரு சொல். ஊருக்குப் போகும் அவசரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள், மருத்துவர்களும் விடுமுறையில் போகிறார்கள், நான் சரிபார்க்க அழைத்தால் எடுக்க ஆளில்லை. பத்து நாள் முன்னதாக வந்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: எல்லை தாண்டும்போது

தமிழ்நாட்டுக்குப் போய் வரும்போது அம்மாவுக்கு மலிவாகக் கிடைத்தது என்று ஆறு மாதத்துக்கான மாத்திரைகளைப் பெட்டியில் கொண்டுவருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: சொந்தப் பயன்பாட்டுக்கு ஒரு மாதத்துக்குத் தேவையான அளவுதான் பொதுவாகக் கொண்டுவரலாம், அதையும் மூலப் பெட்டியில், சீட்டோடு அல்லது மருத்துவரின் கடிதத்தோடு. மனநிலையைப் பாதிக்கும் மருந்தோ மார்ஃபின் வகையோ என்றால், புறப்படும் முன்பே சுகாதார அமைச்சின் மருந்தகப் பிரிவிடம் கேட்டு அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல நினைப்பது தாமதமான முடிவு. இன்னொருவருக்காகக் கொண்டுவருவதற்கு ஒப்புக்கொள்ளவே கூடாது, அவர் சொந்த அத்தையாக இருந்தாலும்.

இந்தியாவிலும் விதிகள் தளர்வானவை என்று நினைக்க வேண்டாம். அல்பிரசோலம் உள்ளிட்ட மருந்துகள் அங்கே எச்-1 பட்டியலில் இருக்கின்றன. விற்றதை எழுதிய தனிப் பதிவேட்டைக் கடைக்காரர் மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் கொடுத்த கடையிலிருந்து வாங்கிய அட்டை, இங்கே சுங்கத்தில் உங்களுக்கு எந்தத் துணையும் செய்யாது. ஜொகூர் வழியாகச் சிங்கப்பூர் போகிறவர்களும் அங்கே முன் அனுமதி தேவைப்படும் மருந்துகளின் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது நல்லது.

உள்நாட்டிலேயே பயணம் செய்யும்போதும் மாத்திரைகளைக் கடை ஒட்டிய பெயர்ச்சீட்டுள்ள உறையிலிருந்து எடுத்து வாரநாள் டப்பாவில் போடுவதாக இருந்தால், உறையையும் கூடவே வைத்திருங்கள். போதைப்பொருளுக்கான சிறுநீர்ப் பரிசோதனை எங்கே எப்போது வரும் என்று சொல்ல முடியாத நாடு இது. வலி மருந்தும் படபடப்பு மாத்திரையும் அதில் தெரியக்கூடும். பெயரும் தேதியும் கடை முகவரியும் உள்ள அந்த உறையைக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

ஆறாம் படி: மீந்த மருந்து

சென்ற ஆண்டு ஒருவர், அவர் அம்மாவுக்கு நான் பல மாதம் சத்து மாவும் டயப்பரும் கொடுத்திருக்கிறேன், ஒரு காகிதப் பையோடு வந்து கவுண்டரில் வைத்தார். உள்ளே இரண்டு மார்ஃபின் மருந்துப் புட்டிகள், ஒன்று பிரிக்காதது. கருமாதி முடிந்து பதினாறாம் நாள் வீட்டைத் துடைக்கும்போது குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் கிடைத்ததாம். புட்டியின் மேல் ஒட்டிய தாளை நகத்தால் சுரண்டத் தொடங்கியிருந்தார்; அம்மாவின் பெயர் குப்பையில் கிடக்க வேண்டாம் என்று. அண்ணே, அதை உரிக்காதீங்க என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தாள் இருக்கும்வரைதான் அது யாருக்காக, எங்கிருந்து, எப்போது கொடுக்கப்பட்டது என்பது தெரியும். உரித்துவிட்டால் அது பெயரில்லாத மார்ஃபின், அதை வைத்திருப்பவர் நீங்கள்.

அதை என் கடையில் வாங்கிக்கொள்ள முடியாது. நான் கொடுக்காத மருந்துக்கு என் பதிவேட்டில் இடமில்லை. கொடுத்த மருத்துவமனையின் மருந்தகத்துக்கே, தாள் ஒட்டிய புட்டியோடு, மீந்த மருந்தைத் திருப்பித் தர வந்திருக்கிறேன் என்று சொல்லிக் கொண்டுபோக வேண்டும். கேள்வி ஒன்றிரண்டுதான் இருக்கும், கட்டணம் இல்லை. கழுவுத் தொட்டியில் ஊற்றுவதும், பக்கத்து வீட்டில் வலியால் துடிப்பவருக்கு இரக்கப்பட்டுக் கொடுப்பதும் இரண்டுமே வேண்டாம். அவரை மறுநாள் காலை எட்டு மணிக்கு, வரிசை நீளும் முன் போகச் சொன்னேன். பாதி உரிந்த தாளின் மேல் ஒட்டுநாடா ஒட்டிக் கொடுத்தேன்.